அண்மைக் காட்சி

கெப்போங்கில் ஒரு பழைய கையுறைக் கிடங்கு.
அதற்குள் அரண்மனை.
தூண்கள் ஒட்டுப்பலகை,
பளிங்குத் தரை சுருளாக வாங்கி ஒட்டிய தாள்.
பூசணித் தேர், ஒரு பழைய கஞ்சில் கார்
செம்மஞ்சள் அடித்தது. ஏர்கோன் இல்லை.
நாலு மணி மழை தகரக் கூரையில் இறங்கினால்
இளவரசன் பாதி வசனத்தில் நின்றுவிடுவான்.
எல்லாரும் கோப்பி குடிப்போம்,
மந்திரக்காரியும் எலிகளும் நானும்,
எலிகள் வாலை மடியில் சுருட்டிக்கொண்டு.

நான் மாற்றாந்தாய்.
ஆறு வாரம், சனிக்கிழமை ஏழு மணி,
குடும்பத்தோடு பார்க்கலாம் என்று போட்டிருந்தார்கள்.
புருவத்தை நெற்றி நடுவரை ஏற்றி வரைந்தார்கள்.
"விருந்துக்கு நீ வரக் கூடாது, சாம்பலை அள்ளு"
பதினோரு முறை சொன்னேன்.
பன்னிரண்டாவதில் இயக்குநர் முகிலரசு
"இப்பத்தான்கா விஷம் சரியா இறங்குது" என்றார்.

வீட்டிலும் அதே வேடம்தான்,
சம்பளமில்லாமல்.
குணாளனின் மகள் லோஷினிக்கு ஒன்பது வயது.
என்னை ஆண்ட்டி என்பாள்.
பள்ளிக்கூடப் பாரத்தில் 'உறவு' என்ற கட்டத்தை மட்டும்
பென்சிலால் நிரப்புவாள்,
அழிக்க வசதியாக.

மூன்றாம் வாரம் செருப்பு வந்தது.
கண்ணாடி இல்லை, அக்ரிலிக்.
ஹாபிஸ் சௌக்கிட்டில் யாரிடமோ சொல்லி வார்த்தது.
ஒற்றைச் செருப்பு. மற்றதற்குக் காசில்லை,
கதையிலும் ஒன்றைத்தானே தேடுகிறார்கள் என்றார் தயாரிப்பாளர்.

தனுஜாவின் கால் நுழையவில்லை.
மாவு போட்டார்கள், எண்ணெய் தடவினார்கள்,
பிளாஸ்டிக் பையைச் சுற்றி அழுத்தினார்கள்.
கதாநாயகி நிஜமாகவே அழுதாள்.
பிறகு தளமே வரிசையில் நின்று காலை நீட்டியது:
உடைக்காரப் பெண்கள், கணக்கு பார்க்கும் மேரி,
நாசி லெமாக் கொண்டுவந்தவள்,
ஒரு எலி.
கடைசியில் நான்.

வழுக்கிப் போய் உட்கார்ந்துகொண்டது.
ஒரு நொடி யாரும் பேசவில்லை.
அப்புறம் கூரை அதிரச் சிரித்தார்கள்.
என் நகப்பூச்சைத் துடைத்தார்கள்.
நாலு விரலோடு பஞ்சு தீர்ந்தது.
சுண்டுவிரல் விளிம்பில் மறையும், விடுங்க என்றேன்.

சனிக்கிழமை.
செந்தூல், பதினாலாம் மாடி.
லோஷினி மீ கிண்ணத்தோடு தரையில்.
பின்னால் நான் துணி மடித்தேன்.
திரையில் நான் கத்தினேன்.
திரும்பாமலே சொன்னாள்:
"ஒங்களுக்கு நெஜமா கோவம் வந்தா சத்தமே வராது.
மூக்கு மட்டும் சின்னதாகும்."
குணாளன் இருமினார்.

இளவரசன் மண்டியிட்டான்.
வயலின்கள்.
திரை முழுக்க ஒரு பாதம்.

அவள் கரண்டி பாதியில் நின்றது.
சுண்டுவிரல் நகத்தில், ஓரம் தாண்டி
தோலிலும் வழிந்திருந்த ஊதா.
விடுமுறையில், மழை விடாத ஒரு மத்தியானம்
கேட்காமலே என் காலைப் பிடித்திழுத்து
அவள் பூசியது.

"அது ஒங்க கால்."
ஆமாம் என்றேன்.
"அப்ப நீங்கதான் அவனக் கட்டிக்கணும்."
எனக்குத்தான் ஒங்க அப்பா இருக்காரே.
பனியனில் ஓட்டையோடு உட்கார்ந்திருந்தவரை
ஒருமுறை பார்த்தாள்,
வெல்வெட் சட்டைக்காரனை ஒருமுறை.
"பாவம்" என்றாள். யாரை என்று சொல்லவில்லை.

விளம்பரம் வந்தது. சமையல் எண்ணெய், கார்க் கடன்.
நகர்ந்து வந்து மடித்த துணிமேல் சாய்ந்து
என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.
உரிந்த ஊதாவை நகத்தால் சுரண்டினாள்.

"கடைசில ஒங்கள என்ன செய்வாங்க?"
நாட்ட விட்டுத் துரத்திடுவாங்க. எழுதியாச்சு.
"எங்க போவீங்க?"
தெரியல. அதுக்கப்புறம் காட்ட மாட்டாங்க.

கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"லிஃப்ட் வேற கெட்டுப்போச்சு" என்றாள்,
காலை விடாமல்.