இருபத்திரண்டு சதவீதம்

நடுநிசிக்குப் பிறகுதான் என் வேலை.
போர்த்தோவின் சரிவுத் தெருக்களில்
டிராமும் குடிகாரர்களும் ஓய்ந்தபின்
கருங்கல் தரையில் ஒலிவாங்கியை வைத்து
கீழே குழாய் எங்கே ஒழுகுகிறதென்று கேட்பேன்.
பதினாலு வருஷம்.
ஊசித்துளைக்கு ஒரு சீழ்க்கை,
விட்டுப்போன மூட்டுக்கு
உலை கொதிக்கும் முனகல்.
காதில் விழுந்ததும் நீலச் சுண்ணக்கட்டியால்
ஒரு பெருக்கல் குறி.
தோண்டுவது வேறு யாரோ, காலையில்.

மே மாதம் காப்பி இயந்திரத்துக்கு மேலே
அறிவிப்பு ஒட்டினார்கள்:
கசிவுப் பிரிவுக்குத் தலைவர் தேவை,
உள்ளே இருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம்.
அன்றிலிருந்து எல்லோரும் எல்லோருக்கும்
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.
ஒதீலியா என்ற என் பெயரைப்
பத்து வருஷமாகத் தப்பாகவே எழுதிய
கணக்குப் பிரிவு எவாரிஸ்தோ
என் பல்வலி தேவலையா என்று விசாரித்தான்.
எனக்குப் பல்வலி இல்லை.
தேவலை என்றேன்.

ஜூன் திருவிழா இரவு
இந்த ஊரில் யார் தலையிலும்
பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டலாம்,
யாரும் கோபிக்கக் கூடாது.
மத்தி மீன் சுடும் புகைக்குள்
இயக்குநர் எதிரே வந்தார். தட்டினேன்.
தட்டிய கை வீடு வரைக்கும் கணக்குப் போட்டது:
பலமாகப் போய்விட்டதோ? ரொம்ப மெதுவோ?
பெனெதீத்தா ஓங்கியே போட்டாள்.
அவர் சிரித்தார்.
அந்தச் சிரிப்பை மூன்று நாள் எடை போட்டேன்.

பெனெதீத்தா என் வண்டித் துணை.
ஒரே ஃபிளாஸ்க், இரண்டு மூடி.
அவளும் விண்ணப்பித்ததைப்
பட்டியலில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.
அவளும் அப்படித்தான் தெரிந்துகொண்டிருப்பாள்.
வண்டிக்குள் கால்பந்து பேசினோம், நிறைய.

துணை இயக்குநர் அமாதேயு
மாடிப்படித் திருப்பத்தில் என்னை நிறுத்தினார்.
"உனக்கு மட்டும் சொல்கிறேன்.
தண்ணீர் இழப்பு பற்றிக் கேட்பார்கள்.
பத்தொன்பது என்று மேலே அனுப்பியாகிவிட்டது.
அதுவே ஏன் இவ்வளவு என்றால்,
வறட்சி ஆண்டு, மண் இறுகிவிட்டது என்று சொல்.
அதற்கு மேல் வேண்டாம்."
இருபத்திரண்டு.
அந்த மூன்று சதவீதத்தைத் தெருத் தெருவாக எனக்குத் தெரியும்,
குறி மழையில் கரைந்தும்
மண்வெட்டி வராத தெருக்கள்.

நேர்காணல் அறையில் ஐந்து பேர்,
ஒரு ஜாடித் தண்ணீர்.
கேட்டார்கள்.
நாக்கு நுனிவரை வந்தது இருபத்திரண்டு.
"வறட்சி ஆண்டு," என்றேன். "மண் இறுகிவிட்டது."
ஒருவர் எழுதிக்கொண்டார்.
ஒருவர் ஜாடியை என் பக்கம் நகர்த்தினார்.
தாகமாக இருந்தது. குடித்தேன்.

அடுத்து பெனெதீத்தா.
வெளி நாற்காலியில் உட்கார்ந்து
பையில் எதையோ தேடுகிற மாதிரி இருந்தேன்.
சுவர் மெலிசு. தடித்த சுவரானாலும்
கேட்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.
"வறட்சி ஆண்டு," என்றாள். "மண் இறுகிவிட்டது."
நான் மூச்சு வாங்கிய அதே இடத்தில்
அவளும் மூச்சு வாங்கினாள்.

உனக்கு மட்டும்.
எத்தனை பேருக்கு மட்டும்?

முடிவு வெள்ளிக்கிழமை.
இது புதன், இரவு இரண்டே கால்,
மழை விட்டு அரை மணி.
ஒலிவாங்கி என் கையில், காதொலிப்பான் அவள் தலையில்.
ஏதாவது கேட்குதா என்றால்
பொறு என்று கையை உயர்த்துகிறாள்.
பிறகு ஒரு பக்கத்தை மட்டும் விலக்கி
என் காதுக்குச் சாய்க்கிறாள்.
தலையோடு தலை ஒட்டி நிற்கிறோம்.
கீழே நல்ல ஓட்டம். பெரிய குழாய்.
போன மார்ச்சிலேயே நான் குறி போட்ட இடம்.

"மண் இறுகிடுச்சு," என்கிறாள் அவள்.

எனக்கு வந்தது சிரிப்புதானா, தெரியவில்லை.
ஈரக் கல்லில் சுண்ணக்கட்டி ஒட்ட மாட்டேன் என்கிறது.
அவள் வண்டிக்குப் போய்
பெயிண்ட் டப்பாவை எடுத்து வருகிறாள்.