கேள்வி எண் பதினான்கு

மாநகராட்சி கேட்டது பன்னிரண்டு பக்கம்.
மூன்று நகல். நீல மையில் கையெழுத்து.
பக்கத்துக்குப் பக்கம் அறக்கட்டளை முத்திரை.
கடைசி நாள் வெள்ளி, மாலை ஐந்து மணி.

வெள்ளி காலை பதினொன்றேகாலுக்குப்
பதினோரு பக்கம் முடித்திருந்தேன்.
ஒரு சாப்பாட்டுக்கு ஆகும் செலவு
நாற்பத்திரண்டு ரூபாய் அறுபது காசு.
அந்த அறுபது காசு ஊறுகாய்.
அதைக் குறைக்கலாமா என்றதற்கு
லோகநாயகி கரண்டியைக் கீழே வைத்தாள்.
நான் மேற்கொண்டு கேட்கவில்லை.
பயனாளிகள் முப்பத்தொன்று.
தகுதி: படுக்கையை விட்டு எழ இயலாமை,
சமைத்துப் போட ஆள் இன்மை.

பன்னிரண்டாம் பக்கத்தில் பதினான்காம் கேள்வி:
மானியக் காலம் முடிந்த பின்
இத்திட்டம் எவ்வாறு தன்னிறைவு அடையும்?
கீழே புள்ளி புள்ளியாக மூன்று வரி.

அதைப் பிறகு பார்க்கலாம் என்று
முத்திரையைத் தேடினேன்.
மேசையில் அது நிற்கும் வட்டம் மட்டும், ஊதாவாக.
"என் பையிலதான் மேடம் இருக்குது,
சாப்பாட்டு அட்டையில குத்த எடுத்தாந்தேன்"
என்றான் இதாயத், சைதாப்பேட்டைச் சந்திலிருந்து,
பின்னால் யாரோ ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க.

ஆட்டோ பிடித்தேன்.
ஆறு உண்டு தண்ணீர் இல்லை என்று
இந்த ஊரைக் கேலி பேசுவார்கள்.
எங்கள் டிரஸ்டில் ரசீதுப் புத்தகம் உண்டு.

சைதாப்பேட்டையில் அவன் இல்லை.
பியாரிஜான் இருந்தார்,
மூடி திறக்காத டிபனை முட்டியில் வைத்து அழுத்தியபடி.
"சாப்பிடலையா?"
"மொதல்ல முட்டிக்கி. அப்புறம் வயித்துக்கு."
ஒத்தடத்துக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.

கொசப்பேட்டையிலும் இல்லை.
லாரி பாடி கட்டிய எத்திராஜ்
கேரியரின் கீழ்த்தட்டைத் தலைமாட்டில் ஒளித்தார்.
ராத்திரிக்காம்.
நாற்பத்திரண்டு அறுபதை
இரண்டால் வகுத்துக்கொண்டே மாடி இறங்கினேன்.

வேலப்பாடியில் பிடித்துவிட்டேன்.
பூட்டிய கதவின் முன்
வண்டியை ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தான்.
"அற்புதமேரியம்மா நேத்து ராத்திரியே.
பொண்ணு ஆம்பூர்லேர்ந்து வந்து
எடுத்துட்டுப் போயிட்டாங்களாம்."
எங்கள் கோப்பில் மகள் இல்லை.
"சாப்பாடு வந்துடுச்சே மேடம்.
இன்னிக்குத் தேதியில குத்தவா, வேணாவா?"

எனக்குத் தெரியவில்லை.
அட்டையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தேன்.
படி கழுவ வந்த பக்கத்து வீட்டுப் பெண்
டிபனை வாங்கிக்கொண்டாள்,
யாருக்கு என்று கேட்காமல்.

வண்டி சீட்டில் வைத்தே
முப்பத்தாறு பக்கமும் குத்தினோம்.
ஆறாம் பக்கத்தில் சாம்பார் பட்டது.
முப்பத்தொன்றை அடித்து முப்பது ஆக்கலாம்தான்.
அடித்தல் திருத்தல் உள்ள விண்ணப்பங்கள்
நிராகரிக்கப்படும் என்று
முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள்.
தவிர, காத்திருப்போர் பட்டியலில் ஒன்பது பேர்.
நாளை காலை அந்த எண் உண்மையாகிவிடும்.

நாலு நாற்பதுக்குக் கவுன்டர்.
எச்சில் தொட்டுப் புரட்டிய விரல்
கடைசிப் பக்கத்தில் நின்றது.
"பதினாலு காலியா இருக்கே?"

அவர் பேனாவையே வாங்கி எழுதினேன்:
தன்னிறைவு அடையாது.
அடுத்த ஆண்டும் விண்ணப்பிப்போம்.

படித்தார். மறுபடி படித்தார்.
"இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு."
"இருக்கட்டும் சார்."
பெறப்பட்டது என்று குத்தினார்,
எங்களுடையதைவிடப் பெரிய முத்திரை.

வெளியே இதாயத் காலி கேரியர்களை எண்ணினான்.
முப்பது.
"வேலப்பாடியிது நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்றான்.
அந்தத் தெருவில் நாளை நமக்கு வேலை இல்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
"கழுவி வெச்சிருப்பாங்க, கேட்டு வாங்கு" என்றேன்.