மூச்சு விடாமல்

அக்குரேரியில் நவம்பர்.
மூன்றரை மணிக்கெல்லாம் ஜன்னல் கண்ணாடியில்
என் முகம்தான் தெரிகிறது.
ஹெட்ஃபோனுக்குள் பதினேழாம் பங்கேற்பாளர்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.
பெயர் எழுதக் கூடாது, நெறிமுறைக் குழுவின் விதி.
குரலை என்ன செய்வது?
முப்பது வருடம் மீன்பிடிக் கப்பலில்
எஞ்சினை மீறிக் கத்திப் பழகிய குரல்
முதலாண்டு நிரலாக்க வகுப்பின் பையன்களுக்கு நடுவே
அடங்கி அடங்கிப் பேசுகிறது.

தாளில் மூன்றே வரி:

      க = 5
      ச = க
      க = 9

இப்போது ச-வுக்குள் என்ன இருக்கிறது?
மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள்
என்கிறது என் குரல்,
பயிற்சி எடுத்து நிறம் கழுவிய குரல்.

"ஒன்பது" என்கிறார், யோசிக்காமல்.
"ச-வை க-வோடு கட்டியாச்சு இல்லையா.
இழுக்கிற படகு திரும்பினால்
பின்னால் கட்டின படகு வேறு எங்கே போகும்?"

தவறான புரிதல், வகை நான்கு.
இருபத்து நான்கு பேரில் பதினொரு பேர்
இதே படியில்தான் இடறியிருக்கிறார்கள்.
இரட்டைக் கோட்டைக் கண்டதும்
பள்ளிக்கூடத் தராசு கண்முன் வந்துவிடுகிறது.
சமம் என்றால் சமம்தானே, என்றைக்கும்.
ஐயா, இது இடுதல்,
பெட்டிக்குள் ஓர் எண்ணை இட்டுவிட்டுப் போய்விடுதல்,
போனவர் திரும்பிப் பார்ப்பதில்லை
என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது.
அந்த அறையில் நான் ஆசிரியர் இல்லை.
விடையைப் பற்றி மூச்சு விடக் கூடாது.

பிறகு பத்தொன்பது நொடி மௌனம்.
பிறகு, "இல்லை. ஐந்து."

அந்தப் பத்தொன்பது நொடிக்கு என்ன பெயர் வைப்பது?
எனக்கும் ஸ்டெயின்டோருக்கும் ஒரு வாரமாக இதே தகராறு.
தனித்தனியே குறித்துவிட்டு ஒப்பிட வேண்டும் என்பது முறை.
அவன் "குழப்பம்" என்று குறித்திருக்கிறான்.
நான், "தன் பிழையைத் தானே திருத்துதல்".
இப்படி எத்தனையோ இடங்கள்.
எங்கள் ஒத்திசைவு எண் பூச்சியம் புள்ளி ஐந்து எட்டு.
போதாது என்கிறான், காபிக் கோப்பையால் மேஜையைத் தட்டி.
யோசிக்கிறார் என்று உனக்கு எப்படித் தெரியும்?
குழம்புகிறார் என்று உனக்கு மட்டும்?
கட்டுரையை அனுப்ப இன்னும் நான்கு நாள்.

அதனால்தான் மறுபடியும் கேட்கிறேன்,
ஒலியைக் கூட்டி, வேகத்தைப் பாதியாக்கி.
இரண்டாம் நொடி: பென்சில் உருள்கிறது, பிடித்துவிடுகிறார்.
ஐந்து, ஆறு: வெளியே பனி வாரும் வண்டி.
ஒன்பது: "கயிறு" என்று ஏதோ முணுமுணுப்பு.
கயிறுதானா? ஏழு முறை கேட்டும் நிச்சயமில்லை.
பதினான்கு:
ஒரு மூச்சு.
ஆழமாக இழுத்து, மூக்கு வழியே,
லேசான ஏமாற்றத்தோடு விட்ட மூச்சு.
அவருடையது இவ்வளவு பக்கத்தில் கேட்காது.
மைக் என் பக்கம் இருந்தது.

காற்றின் முனகலை வைத்தே
வலையை இறக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுத்தவர்.
அவருக்கு இது போதாதா?
இல்லை, ஒன்பதாம் நொடியிலேயே
அந்தக் கயிறு அவருக்குள் அறுந்துவிட்டதா,
என் மூச்சு வெறும் மூச்சுதானா?
அந்த ஐந்து யாருடைய ஐந்து?

ஸ்டெயின்டோருக்கு எழுதினேன். உடனே பதில்:
"மூச்சு நம் குறியீட்டுப் பட்டியலில் இல்லை."
பத்து நிமிடம் கழித்து இன்னொரு வரி:
"மற்ற இருபத்து மூன்று பேரையும் கேட்டாயா?"

முதல் கோப்பைத் திறக்கிறேன்.
பத்தொன்பது வயதுப் பெண்.
இருமுகிறாள், அதற்கு மன்னிப்புக் கேட்கிறாள்.
பரவாயில்லை, தொடருங்கள் என்கிறேன்.
நிறுத்தி, பின்னால் நகர்த்தி, மீண்டும் கேட்கிறேன்.
அந்தப் "பரவாயில்லை"
எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது?