வண்டி நின்ற காரணம்

ஒரு விசில் என்றால் நில்.
இரண்டு என்றால் போ.
பத்தொன்பது வருஷமாக
சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே
இந்த இரண்டு சொல்லில்தான் என் பிழைப்பு.
மற்றதெல்லாம் சில்லறைப் பேச்சு.

கனிஷ்காவுக்கு ஆறு முடிந்து ஏழு.
அம்மா என்றதில்லை. அப்பா என்றதில்லை.
தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து
குடம்வரை இழுத்துப்போய்
என் கையைச் சொம்பின்மேல் வைப்பாள்,
அது என் கையே இல்லை,
அங்கே கிடந்த ஒரு கரண்டி என்பதுபோல.

அதுவும் பேச்சுதான் என்றார் ஜெசிந்தா டீச்சர்.
அழகாபுரத்தில் ஒரு மாடியறை,
சுவரெல்லாம் பட அட்டை.
எனக்குக் கோபம் வந்தது.
நாளைக்கு எண்ணூறு பேரிடம் வாய் கொடுக்கிறவனுக்கா
பேச்சு எதுவென்று தெரியாது?

பிறகு ஒருநாள் பேசினாள்.
கன்னங்குறிச்சியில் மச்சினன் வீட்டுக் காதுகுத்து.
மைக்செட் அலற, மொட்டையடித்த பிள்ளை அலற,
பந்தி மேசைக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு
என் குரலில், என் இழுப்பில்,
"அடிவாரம்... அடிவாரமெல்லாம் எறங்கு."

பந்தியே சிரித்தது.
கண்டக்டர் மவளாச்சே, டிக்கெட் கேளு பாப்பா என்றார்கள்.
நானும் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விடக்கூடாது.
பரிமளா சிரிக்கவில்லை.
அவள் ஒருத்திதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
வாசலுக்கு வெளியே போனாள்.

அதன்பின் அதே வாக்கியம்
முடிவெட்டும் கடையில்,
ஊசி போடும் அறையில்,
சட்டைக் கழுத்தின் லேபிள் உறுத்துகையில்.
கிளிப்பிள்ளை மாதிரி சொல்லுது, அவ்வளவுதான்
என்றார் வீட்டுக்காரர்.
ஜெசிந்தா டீச்சர் நோட்டில் தேதி போட்டு எழுதினார்:
எங்கே, யார் இருந்தார்கள், அதற்கு முன் என்ன நடந்தது.
பிறகு நோட்டை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.
பன்னிரண்டு இடம்.
பன்னிரண்டிலும்
போதும், என்னை இங்கிருந்து இறக்கிவிடு
என்பதைத் தவிர வேறு அர்த்தம் பொருந்தவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிறு
இரண்டு பேரும் என் வண்டியில் வந்தார்கள்.
படிக்கட்டுவரை கூட்டம்.
ஆறாவது வளைவு, ஏழு, எட்டு,
கைப்பிடிச் சுவரில் குரங்குகள்,
கீழே வெயிலில் வெந்துகொண்டிருந்தது சேலம்.
பதினொன்று திரும்பியதும்
"அடிவாரமெல்லாம் எறங்கு."

அடிவாரம் போயி எவ்வளவு நேரமாச்சு கண்ணு
என்று யாரோ கேட்க வண்டி முழுக்கச் சிரிப்பு.
நான் அவள் உதட்டைப் பார்த்தேன்.
வெளுத்திருந்தது.
விரல்கள் வயிற்றோரத் துணியைப் பிசைந்தன.

ஒரு விசில்.

தனசேகரண்ணன் கண்ணாடியில் முறைத்தார்.
இங்கே ஸ்டாப்பிங் கிடையாது. தெரியும்.
இரண்டாகிவிடாத அளவு இடைவெளி விட்டு
இன்னும் ஒன்று.

மூங்கில் புதரோரம் குனிந்து
காலை இட்லி அத்தனையும் கக்கினாள்.
பரிமளா முதுகைத் தடவ, நான் பாட்டிலைச் சாய்த்தேன்.
எத்தனை சட்டை, எத்தனை பாய், எத்தனை நடுராத்திரி!
இன்றைக்கு வருவதற்கு முன்னால் சொல்லியிருக்கிறாள்.
மலையேறும் வண்டியில்
அடிவாரம் என்று சொன்னாள், சரி.
அவளிடம் இருந்த காசு அது. அதைத்தான் நீட்டினாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு
படிக்கட்டைப் பார்த்தாள்.
மேலண்ணத்தில் நாக்கைத் தட்டி
டொக், டொக்.
நான் இரண்டு ஊதினேன்.

ஏற்காடு போய்ச்சேர ஒன்பது நிமிஷம் தாமதம்.
பதிவேட்டில் காரணம் என்றொரு கட்டம் உண்டு.
டயர் என்று எழுதுவோம், லாரி, பனிமூட்டம்.
பயணி நிறுத்தச் சொன்னார் என்று எழுதினேன்.
டைம்கீப்பர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
நிஜமாவே சொன்னாங்களா, நீயா நிறுத்தினியா?

சொன்னாங்க சார்.
எனக்குத்தான் இத்தனை நாள் காது கேக்கல.