ஏழாவது இருக்கை

தேவாலயத்துச் சாவி என் வீட்டில் இருக்கிறது.
சாலையோரப் பலகையில் எழுதியிருக்கும்:
தோன்கா, நீலக் கதவு, நாய் கடிக்காது.
எழுதியவன் என் மைத்துனன் யோன்சே.
கடிக்கும்.

பிரெஸ்பா ஏரி பார்க்க வருகிறவர்கள்
ஆப்பிள் பறிக்கிற வாரமாகப் பார்த்துத்தான் வருவார்கள்.
ஏணியிலிருந்து இறங்கி,
ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு
அவர்கள் காருக்கு முன்னால் மேடேறுவேன்.
சாண் நீளச் சாவி. இடப்பக்கம் இரண்டு சுற்று,
பிறகு தோளால் ஓர் இடி.

உள்ளே எண்ணூறு வருடத்து நீலம்.
கீழ்வரிசைப் புனிதர்களுக்குக் கண் கிடையாது.
கண்வலிக்கு மருந்தென்று சுரண்டி
தண்ணீரில் குழைத்துப் பூசிக்கொண்டார்கள்
எங்கள் ஊர்ப் பெண்கள்.
படையெடுத்து வந்தவர்கள் செய்ததா என்பார்கள்.
இல்லை, நாங்கள்தான் என்பேன்.
அதை மட்டும் யாரும்
குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதில்லை.

வியாழக்கிழமை ஸ்பாசே படகுத்துறையிலிருந்து கூப்பிட்டான்.
படகுத்துறை என்பது பேச்சுக்கு.
ஏரி பின்வாங்கிப் பின்வாங்கி
பழைய துறை இப்போது நாணலுக்குள் நிற்கிறது.
பலகைக்கு முன்னால் பலகை போட்டு
தண்ணீரைத் துரத்திக்கொண்டே போகிறான் அவன்.
"ஏழு பேர் காசு கட்டினார்கள்.
தீவில் பாம்பு என்று யாரோ சொல்ல
ஒருத்தி காரைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறாள்.
இடம் சும்மாதானே போகிறது, வா."

ஐம்பத்து மூன்று வருடமாய் அந்தத் தீவு
என் சமையலறை ஜன்னலில் இருக்கிறது,
எண்ணெய்ப் புட்டிக்கும் உப்புக்கும் இடையில்.
போனதில்லை.
ஏனென்று அக்டோபரில் கேட்டால்
ஆப்பிளைச் சொல்வேன்.
ஜனவரியில் கேட்டால் வேறெதையாவது.

ஏறி உட்கார்ந்துவிட்டேன், ஏப்ரனோடு.

பாதி வழியில் எல்லார் கைப்பேசியும் சிணுங்கியது:
அல்பேனியா உங்களை வரவேற்கிறது.
ஒரு நாரைகூட நிமிரவில்லை.

பாம்புகள் இருந்தன.
கல்லுக்குக் கல் சுருண்டு,
எங்களைவிடக் கூச்சத்தோடு நீரில் நழுவின.
கூரையில்லாத கோயிலுக்குள் ஜூனிப்பர் மரம் நின்றது.
ரோமானியர் காலத்துத் தொட்டியில்
நேற்றைய மழை ஒரு விரற்கடை.
எங்கு பார்த்தாலும் ஆமை.
எல்லாம் ஆண் என்றான் ஸ்பாசே;
துரத்துகிற துரத்தலில்
பெண்கள் பாறை விளிம்பிலிருந்து விழுந்துவிடுகின்றனவாம்.
எல்லாரும் சிரித்தார்கள்.
நான் விளிம்புவரை போய் எட்டிப் பார்த்தேன்.
உயரம்தான்.

தொப்பி போட்ட டச்சுக்காரர் ஒருவர்
எந்த ஊர் நீங்கள் என்றார்.
கரையைக் காட்டினேன்.
அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்றார்.
வாய்வரை வந்தது
நீலமும், கண்ணில்லாதவர்களும்.
"ஆப்பிள்" என்றேன்.

அப்போதுதான் தெரிந்தது, மலைச்சரிவில்,
பெட்டி ஒன்றை யாரோ இறக்கி வைத்து மறந்தாற்போல்
என் தேவாலயம்.
இவ்வளவுதானா?
பக்கத்தில் ஒரு சிவப்புக் கார்.
சுவரைச் சுற்றிச் சுற்றி
எறும்பளவில் இரண்டு பேர்.

ஏப்ரன் பையில் சாவி தொடையில் இடித்தது.
கைப்பேசி அடித்தது.
அல்பேனியாவில் எடுத்தால் நிமிடத்துக்கு எவ்வளவோ.
அடிக்கட்டும் என்று விட்டேன்.
இரண்டாம் முறை அடித்தபோதும் விட்டேன்.
இரண்டாம் முறை
காசை நினைத்து அல்ல.

மாலை மேடேறிப் போனேன்.
வாசற்படியில் கல்லுக்கடியில்
இருநூறு தினார், ஒரு சீட்டு.
யோன்சேயின் மகன் படித்துச் சொன்னான்:
"சாவித்துளை வழியே பார்த்தோம்.
ஒரு முழங்காலும் சிறகில் பாதியும் தெரிந்தன.
ரொம்ப அழகு. நன்றி.
உங்கள் நாய் எங்கள் பையைக் கடித்துவிட்டது."

பத்தொன்பது வருடமாய்
அந்தத் துளைக்குள் சாவியைத்தான் விட்டிருக்கிறேன்.
பையன் போன பிறகு குனிந்து கண்ணை வைத்தேன்.
குளிர்ந்த இரும்பு. இருட்டு.
கிழக்கு ஜன்னலில் வெயில் விழும்போது,
ஏழு மணி வாக்கில், பார்க்க வேண்டும்.

நாளை முடியாது. லாரி வருகிறது,
இன்னும் நாற்பது பெட்டி பாக்கி.