ஓப்பலில் அறுத்த வார்

கடையில் தொங்கிய வார் நாற்பது லரி.
கையில் எடுத்து இழுத்துப் பார்த்தேன்.
நல்ல தையல்தான்.
திரும்ப மாட்டிவிட்டு வந்தேன்.
இந்த மாதம் எரிவாயு பில் முந்திக்கொண்டது.

ஆறு வருஷம் கயிறே அறியாமல்
ரூஸ்தாவித் தெருக்களை அளந்தவள் நூஷி.
நூஷி என்றால் பாதாம்.
காதில் நகராட்சி குத்திய மஞ்சள் வில்லை.
சிக்னலில் என்னைவிடப் பொறுமையாக நிற்பாள்.
ஆனால் பின்னங்கால் வீங்கிவிட்டது;
மருத்துவர் ஊரின் மறுகோடியில்;
"கட்டாத நாய் ஏறக்கூடாது" என்றார் பஸ்காரர்.

கார்களைப் பிரித்து விற்கும் பொட்டலில்
மனுச்சார் ஒரு ஓப்பலைக் காட்டினான்.
கதவில்லை. சக்கரமில்லை.
பின்சீட்டில் யாரோ கொறித்துத் துப்பிய
சூரியகாந்தி விதைத் தோல்.
"பெல்ட்டா? அறுத்துக்கொள். மூன்று லரி."
"மோதின வண்டியா?"
"மோதாத வண்டிக்கு இங்கே என்ன வேலை?"

ஓட்டுநர் பக்கம் நான் போகவில்லை.
பின்சீட்டு பெல்ட்டை அறுத்தேன்.
அதை யாரும் போட்டிருக்கமாட்டார்கள்
என்று எனக்கு நானே ஒரு சமாதானம்.

கொக்கி, பழைய பயணப்பையிலிருந்து.
ஜிப் செத்து நாலு வருஷம்,
கொக்கி மட்டும் சாக மறுத்திருந்தது.
நூல்தான் சிக்கல்.
வீட்டிலிருந்ததெல்லாம் பொத்தான் தைக்கிற நூல்;
இவள் ஒரு பூனையைப் பார்த்தால் போதும், அறும்.
குளியலறையில் பல்லிடுக்கு நூல் பாதிச் சுருள் கிடந்தது.
புதினா வாசனை.
இழுத்தேன். விரல்தான் அறுந்தது.

மேல்மாடி லமாராவிடம் தையல் மெஷின் கேட்டேன்.
"பெல்ட்டையா? என் மெஷினைக் கொல்லவா?"
கதவைச் சாத்தினாள்.
மறுபடி திறந்தாள்:
செருப்புத் தைக்கிற ஊசி ஒன்று.
"ஒன்றுதான் இருக்கிறது. திரும்ப வேண்டும்."

அறுத்த முனையை மெழுகுவத்தியில் காட்டினேன்.
உருகியது, கறுத்தது, இறுகியது.
சமையலறை முழுக்க பிளாஸ்டிக் நாற்றம்.
மடித்துச் சதுரமாகத் தைத்து
சதுரத்துக்குள் ஒரு பெருக்கல் குறி.
நான்காவது தையலில் ஊசி நகர மறுத்தது.
கரண்டியின் முதுகால் தள்ளினேன்.
நகர்ந்தது, சற்றே என் உள்ளங்கைக்குள்ளும்.

மாட்டிவிட்டேன்.
நூஷி உட்கார்ந்துவிட்டாள்.
கூப்பிட்டேன், ரொட்டி காட்டினேன், கெஞ்சினேன்.
அவள் தையலை மட்டும் நக்கிக்கொண்டிருந்தாள்.
புதினா பிடித்துவிட்டது போலும்.

விடிந்தபோது பெல்ட் இரண்டு துண்டு.
நடுவே கடித்திருந்தாள், துல்லியமாக,
துணிக்கடைக்காரர் கத்தரி வைத்ததுபோல்.
கோபம் வந்தது.
இல்லையென்றால் பொய்.
ஆனால் இரு முனையிலும் என் பெருக்கல் குறிகள்
ஒரு இழை பிரியாமல் இருந்தன.
அதைப் பார்த்துக்கொண்டு
தேநீர் ஆறும்வரை நின்றேன்.

ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தேன்.
ஒரு சாண் போயிற்று.
வியாழக்கிழமை மறுபடி கடித்தாள்.
இன்னொரு சாண்.
இப்போது என் முழங்காலை உரசியபடிதான்
அவளால் நடக்க முடியும்.
அப்படி நடப்பதில் அவளுக்கு ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.
கடிப்பதும் நின்றுவிட்டது.

லிஃப்ட் உண்டியல் இருபது தெத்ரி கேட்கும்.
படிக்கட்டு எதுவும் கேட்காது.
ஆனால் அந்தக் கால் கேட்டது.
இரண்டு நாணயம் எடுத்து வைத்தேன்,
இறங்க ஒன்று, ஏற ஒன்று.

பஸ்காரர் குனிந்து பார்த்தார்.
"ஓப்பல்தானே?"
"பின்சீட்டு" என்றேன்.
அவருடைய பெல்ட் அவர் தோளுக்குப் பின்னால்
போடாமலே தொங்கிக்கொண்டிருந்தது.
"ஏறு" என்றார்.

மூன்று லரி, பாதிச் சுருள் நூல்,
உள்ளங்கையில் ஒரு ஓட்டை.
லமாரா இன்று காலையும் படியில் கேட்டாள்.
ஊசி வளைந்துவிட்டதை
இன்னும் அவளிடம் சொல்லவில்லை.