தவறிவிட்டான் என்று சொல்லக்கூடாது

ஞாயிறு இரவு பதினொன்றரை.
சமையலறை மேசையில் மடிக்கணினி, ஆறிய தேநீர்.
வெளியே பெம்ப்ரோக் கரையின் மழை,
பக்கவாட்டில் பெய்யும் எங்கள் ஊர் மழை.
நாளை ஒன்பதேகாலுக்கு
ஆறு பிள்ளைகளிடம் நான் ஒரு வாக்கியம் சொல்லவேண்டும்.

மறைந்துவிட்டான் என்றால்
திரியன் மேசைக்கடியில் தேடுவாள்,
அலமாரியில், நீச்சல்குளத்து உடைமாற்றும் அறையில்.
கிடைக்கும்வரை மதியச் சாப்பாடு இல்லை.
தூங்கிவிட்டான் என்றால்
எல்கன் இனித் தூங்கமாட்டான்;
அவன் அம்மாவும்.
போய்விட்டான் என்றால், எந்த டாக்ஸியில்?
கடவுளிடம் என்றால்,
வெள்ளிக்கிழமை பீட்சாவுக்குத் திரும்பிவிடுவானா?
தவறிவிட்டான் என்றால்
யார் தள்ளியது என்று கேட்பார்கள்.
போன மாதம்தான் சாய்தளத்தில்
அவன் சக்கர நாற்காலியைத் தள்ளிவிட்டதற்காக
நெரிஸை நான் கண்டித்தேன்.

மிச்சமிருப்பது ஒரே சொல்.
நாகரிகமானவர்கள் நாய்க்கும் பூனைக்கும் ஒதுக்கிய சொல்.

மாக்ஸன் செத்துவிட்டான்.
அவன் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது.
டாக்டர்களால் சரிசெய்ய முடியவில்லை.
யார்மீதும் தப்பில்லை.
யார்மீதும் தப்பில்லை.
(கடைசி வரி நெரிஸுக்காக இரண்டு முறை.)

எல்கனுக்கு வாய்ப்பேச்சு இல்லை, பேசும் பலகை உண்டு.
அதில் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்:
பிஸ்கட், கழிப்பறை, வலி, இன்னும் வேண்டும், போதும்.
சாவுக்குப் பொத்தான் இல்லை.
மென்பொருள் தருவது ஒரு வாடிய பூ.
அதை வைத்தால்
தோட்டவேலை நாட்களில் எத்தனை சாவு!
கடைசியில் வெறும் கறுப்புக் கட்டம் வைத்து
என் குரலையே பதிவுசெய்தேன்.
ஒன்பதாவது முயற்சியில்தான்
உடையாமல் வந்தது.

திங்கள்.
சொன்னேன்.
"அவன் பீட்சா யாருக்கு?" என்றாள் திரியன்.
நெரிஸ் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கைகளையும்
தொடைக்கடியில் ஒளித்து உட்கார்ந்திருந்தாள்.
பக்கத்தில் போய்த் தரையில் அமர்ந்து
கடைசி வரியை மூன்றாம் முறை சொன்னேன்,
பிறகு எண்ணவில்லை.
எல்கன் கறுப்புக் கட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.
மாக்ஸன் செத்துவிட்டான். மாக்ஸன் செத்துவிட்டான்.
பிஸ்கட்.
மாக்ஸன் செத்துவிட்டான்.
கணக்குப் பாடத்தில், பால் குடிக்கும்போது, கழிப்பறையில்,
நாள் முழுக்க என் குரலில்.
உதவியாளர் லோவ்ரி முகம் கழுவ ஓடினாள்.
பலகையைக் கொஞ்ச நேரம் வாங்கி வைக்கலாமா என்றார்கள்.
ஒருவன் வாயை எப்படி வாங்கி வைப்பது?

நர்ஸ், சமையற்காரர், நீச்சல் பயிற்சியாளர்,
மாவட்டக் கல்வி அலுவலகம்.
தெரிவிக்கவேண்டியவர்கள் பதினேழு பேர்,
பதினேழுக்கும் டிக் போட்டிருந்தேன்.

மூன்றேகாலுக்கு வாசலில் ஏழாம் நம்பர் டாக்ஸி.
எம்லின்.
இரண்டு வாரம் விடுப்பில், வடக்கே தங்கை வீட்டில் இருந்தவர்,
அன்று மதியம்தான் வண்டியெடுத்திருக்கிறார்.
பின்கதவைத் திறந்து பலகைச் சரிவை இறக்கிவிட்டு
நீலப் பட்டையைக் கையில் சுற்றியபடி நிற்கிறார்.
"பறக்கலாமா, கேப்டன்?" என்று
ஐந்து வருடமாக மாக்ஸனை அவர்தான் பூட்டுவார்.

மழையில் நடந்தேன்.
இருபத்திரண்டு வருட அனுபவம், சட்டமிட்ட சான்றிதழ்கள்.
வாயைத் திறந்தால்
"எம்லின், நம்ம பையன்... தவறி..."

"ஐயோ, எங்கே? அடி பலமா?"

அதற்குமேல் எனக்கு வரவில்லை.
பின்னால், தன் வண்டிக்காகக் காத்திருந்த எல்கன்
பலகையை நெஞ்சோடு அணைத்தபடி அழுத்தினான்.
ஞாயிறு இரவின் உடையாத குரல்
அவரிடம் சொன்னது.

எம்லின் ஈரச் சரிவில் அப்படியே உட்கார்ந்தார்.
பட்டையின் கொக்கி மட்டும் கையில் கிணுகிணுத்தது.
எல்கன் வெகுநேரம் பார்த்தான்,
அவர் கண்ணையல்ல, தொப்பியை.

பிஸ்கட்.

கேட்டானா, கொடுக்கச் சொன்னானா, தெரியாது.
என் கோட்டுப் பையில் ஒன்று இருந்தது,
பாதி நொறுங்கி.